ட்ரையல் போட்டியில் மார்ஷலாக நிற்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெச்சூர் ட்ரையல்களில் பல வருஷமாகச் செக்‌ஷன் மார்ஷலாக நின்று வருகிறேன். மார்ஷல் என்றால், போட்டியாளர் ஓட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பெனால்டிப் புள்ளி போடுகிறவர். முதல்முறை மார்ஷலாக வருகிறவர்கள் காலையில் கேட்கும் கேள்விகளும், முடிவுப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போட்டியாளர்கள் மாலையில் கேட்கும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. பைக், கார், ஜீப் என மூன்று வகை ட்ரையலையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். நான் சொல்வது ஒன்றாகவும் உங்கள் போட்டியின் விதிப்புத்தகம் சொல்வது வேறாகவும் இருந்தால், புத்தகம் சொல்வதுதான் செல்லும்.

ட்ரையல் என்பதும் ஒரு பந்தயம்தானே?

இல்லை, இங்கே வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, சேறு, ஓடைப்படுகை, வேர் புடைத்த மேடு என்று கடினமான ஒரு சிறு துண்டு நிலத்துக்கு டேப்பும் குச்சியும் கட்டி எல்லை போட்டிருப்பார்கள். அதற்குத்தான் செக்‌ஷன் என்று பெயர். அதைத் தடுமாறாமல் கடக்க வேண்டும்.

பைக் ட்ரையலில் கால் ஊன்றாமல் கடந்தால் 0. அதைக் கிளீன் என்பார்கள். ஒருமுறை ஊன்றினால் 1, இருமுறை ஊன்றினால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ, எல்லையை விட்டு வெளியே போனாலோ, செக்‌ஷனை முடிக்க முடியாமல் போனாலோ 5. நான்கு என்பதே கிடையாது. கார், ஜீப் ட்ரையல்களில் வழி நெடுக ஜோடி ஜோடியாகக் குச்சி நட்டு (ஒவ்வொரு ஜோடியும் ஒரு கேட்), பல போட்டிகளில் 12-இல் ஆரம்பித்து 1 வரை இறங்குவரிசையில் எண் போட்டிருப்பார்கள். வண்டி எந்த கேட்டில் நின்றுபோகிறதோ அந்த எண்தான் பெனால்டி. கடைசிவரை ஏறிவிட்டால் 0. எதுவானாலும், குறைவாக வாங்கியவரே ஜெயித்தவர்.

இதில் மார்ஷலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அளவுகோலே அவர்தான் என்பதால். சுற்றுப் பந்தயத்தில் டைமிங் கருவி இருக்கிறது. அதற்கு யாரையும் தெரியாது, பசிக்காது, மழையில் நனைந்தால் மனம் இளகாது. ட்ரையலில் அந்தக் கருவியின் வேலையை ஒரு மனிதர் தன் கண்ணால் செய்கிறார். நாள் முழுக்க ஓட்டிய பிறகு முதல் இரண்டு இடங்களுக்கு இடையே ஒரே ஒரு புள்ளி இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். பைக் ட்ரையலில் மொத்தம் சமமாக வந்தால், யாருக்கு அதிகக் கிளீன் என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஆகவே தவறாகக் கொடுத்த ஒரு 0, மொத்தத்திலும் கெடுக்கிறது, சமன் முறிக்கும்போது இன்னொரு தடவையும் கெடுக்கிறது.

ஸ்காட்லாந்தில் 1909-இல் தொடங்கிய ஆறு நாள் ட்ரையலை எடுத்துக்கொள்ளுங்கள். 250-க்கும் மேற்பட்ட ரைடர்கள் கலந்துகொள்கிற போட்டி அது. அங்கே ஒரு செக்‌ஷனில் நிற்கிற தன்னார்வலர், காலையில் வந்த முதல் ரைடரைப் பார்த்த அதே கண்ணால் இருநூற்று ஐம்பதாவது ரைடரையும் பார்க்க வேண்டும். நம்முடைய சிறிய போட்டியில் முப்பது, நாற்பது பேர்தான் இருப்பார்கள். வேலை என்னவோ அதே வேலைதான்.

கண்டிப்பான மார்ஷல் நல்லவரா, கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறவர் நல்லவரா?

என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். என் பதில்: விதி எங்கே உங்கள் கணிப்புக்கு விட்டிருக்கிறதோ அங்கே இரண்டில் எதுவாகவும் இருங்கள். ஆனால் காலையில் எப்படி இருந்தீர்களோ அப்படியே மாலைவரை இருங்கள்.

மூன்றாவது செக்‌ஷனில் கறாரான ஒருவர் நிற்கிறார், ஏழாவதில் இளகிய மனசுக்காரர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் போட்டியாளர்களும் இருவரிடமும்தான் போகிறார்கள். கறார் எல்லோருக்கும் கறார், இளக்கம் எல்லோருக்கும் இளக்கம். யாருக்கும் பெரிதாக நஷ்டமில்லை. ஆனால் அந்த ஒரே மார்ஷல் காலையில் ஒரு மாதிரியும் மதியத்தில் இன்னொரு மாதிரியும் மார்க் போட்டால், முன்னால் வந்த பாதிப் பேருக்கும் பின்னால் வந்த பாதிப் பேருக்கும் நடப்பது இரண்டு வெவ்வேறு போட்டிகள். அதை எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது.

எனக்கே இது நடந்திருக்கிறது. வழுக்குப்பாறை முடிகிற இடத்தில் ஒரு திருப்பம். காலையில் பைக் ஒரு கணம் அசைவற்று நின்றால்கூடத் தயங்காமல் 5 போட்டேன். அன்றைய விதி நிற்கக் கூடாது என்பது. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. குளிரில் நடுங்கியபடி, சேற்றில் முழங்கால்வரை நனைந்து வருகிறவர்களைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதே மாதிரி ஒரு கணம் நின்றவர்களை, கண்ணுக்குத் தெரிந்தும், விட்டுவிட்டேன். யாருக்கும் நான் துரோகம் நினைக்கவில்லை. ஆனால் அன்று ஒரு வகுப்பில், அதாவது போட்டியாளர் பிரிவில், முதல் பரிசு ஒரு புள்ளியில் கைமாறியது. வாங்கியவர் மழையில் வந்தவர். இழந்தவர் காலை வெயிலில் என்னிடம் 5 வாங்கியவர்.

காலையில் செக்‌ஷனுக்குப் போனதும் முதல் வேலை என்ன?

நடந்து பாருங்கள். தொடக்கப் பலகையிலிருந்து முடிவுப் பலகைவரை, வண்டி போகிற வழியிலேயே, இரண்டு தடவை. போகும்போது சந்தேகங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, செக்‌ஷன் எந்தக் கணத்தில் ஆரம்பிக்கிறது? பைக் ட்ரையலில் வழக்கமாக முன்சக்கரத்தின் அச்சு பலகையைத் தாண்டும் கணம். காரில் உங்கள் விதி என்ன சொல்கிறது? ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கும் பூட்ஸ் அப்படியே பாறையில் உரசினால் அது கால் ஊன்றியதாகுமா? ஊன்றிய காலை எடுக்காமல் இழுத்துக்கொண்டே போனால் எத்தனை? வண்டி பக்கவாட்டில் வழுக்கினால் அது நகர்வா, நிற்றலா?

இவற்றுக்குப் பதிலை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். போட்டி நடத்தும் பொறுப்பாளரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை அதே தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்கு இருபத்தேழாவது வண்டி வரும்போது உங்கள் ஞாபகத்தைவிட அந்தத் தாள் நம்பகமானது.

போன போட்டியின் ஞாபகத்தில் மார்க் போடுவதும் ஆபத்து. பைக் ட்ரையலில் செக்‌ஷனுக்குள் நிற்கலாமா கூடாதா என்பது ஒரே விதியாக என்றும் இருந்ததில்லை. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். நடத்தும் உலகச் சாம்பியன்ஷிப்பிலேயே, நின்று சமாளிக்க அனுமதித்த காலம் ஒன்று உண்டு. 2013-இல் நிற்கக் கூடாது என்ற விதி திரும்ப வந்தது. அமெச்சூர் போட்டிகளில் இரண்டு முறையும் புழக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு எது என்று கேட்டுவிட்டே விசிலைக் கையில் எடுங்கள்.

எங்கே நிற்பது?

செக்‌ஷனில் அதிகம் பேர் தடுமாறப்போகிற இடம் எது என்று நடக்கும்போதே தெரிந்துவிடும். அதைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி நில்லுங்கள். நேர் முன்னாலோ பின்னாலோ நின்றால், வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்பது தெரியாது. பைக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு: உங்களுக்கு மறுபக்கம் இருக்கும் கால் மறைந்துவிடும். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு பக்கம். ஒருவர்தான் என்றால் நடக்க வேண்டியதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே தடத்தில் நடக்க வேண்டும். ஒருவருக்கு மேட்டிலிருந்தும் இன்னொருவருக்குப் பள்ளத்திலிருந்தும் பார்த்தால், ஒருவரின் வலது கால் மட்டும்தான் கணக்கில் வந்திருக்கும்.

நான் நிற்கும் இடத்தில் குதிகாலால் ஒரு கோடு கிழித்துவைப்பேன். கவனம் சிதறினாலும் கால் அங்கே திரும்பி வந்துவிடும்.

வண்டி நின்றதா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது? சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே?

சக்கரத்தைப் பார்க்கக் கூடாது என்பதுதான் விடை. புதியவர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. சேற்றில் பின்சக்கரம் சீறிச் சுழன்று மண்ணை வாரி இறைக்கும், என்ஜின் அலறும், ஓட்டுநர் தோளை உலுக்குவார். இத்தனை அசைவுக்கு நடுவில் வண்டி ஒரு விரற்கடைகூட முன்னேறாமல் நின்றிருக்கும். சத்தமும் சேறும் சேர்ந்து வண்டி ஓடுவதாகக் கண்ணை நம்பவைத்துவிடும்.

அதனால் உங்கள் பார்வையில் வண்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அசையாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சி, ஒரு மரத்தண்டு, பாறையில் ஒரு வெடிப்பு, எதுவானாலும் சரி. அதற்கு எதிரே முன்சக்கரத்தின் நடுப்பகுதி நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். முன்சக்கரத்தின் அச்சு அந்தக் குச்சியை மறைத்தபடியே இருந்தால் வண்டி நின்றுவிட்டது. குச்சி அச்சுக்குப் பின்னால் மெல்லத் தலைகாட்ட ஆரம்பித்தால் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. எத்தனை மெதுவாகப் போனாலும் அது போவதுதான்.

எவ்வளவு நேரம் அசையாமல் இருந்தால் நின்றதாகக் கொள்வது என்றும் கேட்பார்கள். மனதுக்குள் சொல்லிப் பார்க்க ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். "நின்னாச்சு" என்று மனதில் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை அச்சு அசையாவிட்டால் விசில். அந்தச் சொல்லை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் சொல்லுங்கள். நேரம் குறிப்பிட்டு விதி இருந்தால், இது வேண்டாம், விதிப்படி எண்ணுங்கள்.

கால் ஊன்றியதை எண்ணுவதில் குழப்பம் வருகிறதே?

சத்தமாக எண்ணுங்கள். "ஒண்ணு… ரெண்டு…" என்று ரைடருக்குக் கேட்கும்படி. மனதுக்குள் எண்ணினால், முடிந்த பிறகு இரண்டா மூன்றா என்ற சந்தேகம் உங்களுக்கே வந்துவிடும். வாய்விட்டு எண்ணினால் சண்டையும் பாதி குறைகிறது. இரண்டு காலையும் ஒரே சமயத்தில் ஊன்றினால் 2. கால் மட்டும்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். தோள் மரத்தில் சாய்ந்தாலும், கை பாறையைத் தாங்கினாலும் அதுவும் ஊன்றல்தான்.

சந்தேகம் வந்தால்?

சந்தேகத்தின் பலன் போட்டியாளருக்கு. பார்க்காததற்கு மார்க் போடக் கூடாது. கால் பட்டிருக்கும் என்று தோன்றுவதும், கால் பட்டதைப் பார்த்ததும் ஒன்றல்ல. ஆனால் இந்தப் பலனும் எல்லோருக்கும் உண்டு. உங்களுக்குப் பிடிக்காத, வாய்த்துடுக்கான ரைடருக்கும் அது சேர வேண்டும். அவருக்குக் கொடுக்கும்போதுதான் நீங்கள் நேர்மையானவரா என்பது உங்களுக்கே தெரியும்.

பார்வையாளர்கள் "பட்டுச்சு, பட்டுச்சு" என்று கத்துவார்கள். அது உங்கள் கண் அல்ல.

குச்சியில் பட்டதா, காற்றில் ஆடியதா?

வண்டி கேட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் குச்சியை ஒரு பார்வை பாருங்கள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததா என்பது தெரிந்துவிடும். பட்டாலே பெனால்டியா, சாய்ந்தால் அல்லது முறிந்தால்தான் பெனால்டியா என்பது விதிக்கு விதி மாறுகிறது. சக்கரம் படுவதும் வண்டியின் உடல் உரசுவதும் ஒன்றா என்பதும் அப்படியே. இதையும் காலைத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது, விழுந்த குச்சியைத் திரும்ப நடுவது. ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டால் அடுத்து வருகிறவருக்கு வேறு செக்‌ஷன். ஒவ்வொரு குச்சியின் அடியிலும் காலையிலேயே ஒரு சிறு முளையைத் தரைமட்டத்துக்கு அடித்துவையுங்கள், அல்லது சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுங்கள். மழையில் சுண்ணாம்பு கரையும், முளை நிற்கும்.

நெருங்கிய நண்பரோ குடும்பத்தாரோ அதே போட்டியில் ஓட்டினால்?

அமெச்சூர் போட்டியில் இதைத் தவிர்க்கவே முடியாது. மார்ஷல்களில் பாதிப் பேர் யாரோ ஒரு போட்டியாளரின் அண்ணன், மனைவி, கூட்டாளி. அதில் தவறில்லை, அவர்கள் இல்லாவிட்டால் போட்டியே நடக்காது. காலையிலேயே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் ஆள் வரும்போது கூட நிற்பவர் மார்க் போடட்டும், நீங்கள் எழுதுங்கள். தனியாக நிற்பவர் என்றால், உங்கள் ஆளின் வகுப்பு வராத செக்‌ஷனை மாற்றிக் கேளுங்கள்.

சலுகை காட்டுவது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். நான் அதிகம் பார்த்தது அதற்கு நேர் எதிரான தவறை. பேர் கெட்டுவிடக் கூடாது என்று சொந்தத் தம்பிக்கு மட்டும் ஒரு புள்ளி கூடுதலாகப் போடுகிறவர்கள் உண்டு. அந்தத் தம்பியும் கட்டணம் கட்டித்தான் ஓட்டுகிறார்.

சிறுவர்களுக்கும் முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கும் கொஞ்சம் விடலாமே?

அவர்களுக்குச் செக்‌ஷனைச் சுலபமாக அமைக்கலாம், அமைக்கவும் வேண்டும். அவர்கள் வகுப்புக்குத் தனி நிறத்தில் அம்புக்குறி போட்டு எளிய வழி விடுவது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் மார்க்கில் கை வைக்கக் கூடாது. அந்த வகுப்பிலும் நான்கைந்து பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் போட்டியிடுகிறார்கள். அழுகிற பிள்ளைக்கு விட்ட ஒரு புள்ளியை, அழாமல் ஓட்டிய பிள்ளையிடமிருந்துதான் எடுக்கிறீர்கள்.

எந்தப் பக்கம் போனால் ஏறலாம் என்று வழி சொல்வதும் இதே கணக்குதான். ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். யாருக்கும் சொல்லாமல் இருப்பது சுலபம்.

செக்‌ஷன் நேரம் ஆக ஆகக் கெட்டுப்போகிறதே, அது அநியாயமில்லையா?

நிலம் மாறத்தான் செய்யும். முதலில் வருகிறவருக்கு ஈரப்புல், நடுவில் வருகிறவருக்கு நன்றாக விழுந்த தடம், கடைசியில் வருகிறவருக்கு முட்டளவு பள்ளம். சில சமயம் தலைகீழாகவும் நடக்கும்: சேறு கழிந்து, அடியில் இருக்கும் கெட்டி நிலம் வெளியே வந்து, பின்னால் வருகிறவர்கள் சுலபமாக ஏறுவார்கள். இதைச் சமன்செய்வது போட்டி அமைப்பாளர் வேலை. குழுக்களை வெவ்வேறு செக்‌ஷனில் தொடங்கவிடுவார்கள், அல்லது சுற்றுக்குச் சுற்று வரிசையை மாற்றுவார்கள். அதை மார்க்கில் ஈடுகட்டப் பார்ப்பது உங்கள் வேலை அல்ல. நான் மழையில் செய்த தப்பு அதுதான்.

பள்ளத்தை மூடுவது, கல்லை நகர்த்துவது எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். செக்‌ஷன் ஆபத்தாகிவிட்டால் உடனே நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். மாற்றி அமைப்பதா, அந்தச் செக்‌ஷனை அந்த வகுப்புக்கு முழுக்க நீக்குவதா என்று அவர் சொல்வார்.

எப்போது மறுவாய்ப்புக் கொடுக்கலாம்?

போட்டியாளரின் தவறில்லாமல் தடை வந்தால் மட்டும். பார்வையாளர் குறுக்கே வந்தது, முந்தைய வண்டி இன்னும் வழியில் நின்றது, நீங்கள் தவறாக விசில் அடித்தது போன்றவை. பைக் ட்ரையலில், தடைபட்ட இடம்வரை வாங்கிய புள்ளிகள் அப்படியே நிற்பது வழக்கம். அதற்கு மேல்தான் புதிதாக எண்ணுவார்கள். என்ஜின் நின்றுபோனது, டயர் போனது, கண்ணாடியில் சேறு தெறித்தது ஆகியவை மறுவாய்ப்புக்குக் காரணமாகாது.

போட்டியாளர் சண்டைக்கு வந்தால்?

வண்டி செக்‌ஷனை விட்டு வெளியே வந்ததும் விரலை உயர்த்திக் காட்டுங்கள். கிளீன் என்றால் மூடிய முஷ்டி, மற்றவற்றுக்கு அத்தனை விரல். கூடவே ஒரு வரி காரணம்: "மூணாம் கேட்டுல வண்டி நின்னுடுச்சு." அவ்வளவு போதும். அவர் ஏன், எப்படி என்று கேட்டால் பொறுமையாக ஒருமுறை சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டால் பொறுப்பாளரிடம் பேசச் சொல்லுங்கள். பின்னால் வரிசை காத்திருக்கிறது.

கண்ணால் கண்ட உண்மைக்கு நடுவர் சொல்வதே முடிவு என்பது மோட்டார் விளையாட்டில் பழைய நெறி. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சர்வதேச விதித்தொகுப்பிலும், அதற்கென நியமிக்கப்பட்ட நடுவரின் முடிவை எதிர்த்து முறையீடு செய்ய இடமில்லை. இந்த அதிகாரம் இருப்பதால்தான் நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. யாரோ ஃபோனில் எடுத்த வீடியோவைக் காட்டினாலும், விதி அதை ஏற்காதவரை மார்க்கை மாற்றாதீர்கள். எல்லோருடைய ஓட்டத்தையும் யாரும் படம் எடுக்கவில்லையே. கூட்டாளி கையில் கேமரா இருக்கிறவருக்கு மட்டும் இரண்டாவது பார்வை கிடைப்பது நியாயமாகாது.

தாளில் எழுதுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

ஒருவர் பார்க்க, ஒருவர் எழுதுவது நல்லது. பென்சில் கொண்டுபோங்கள், மழையில் பேனா மை ஓடும். வண்டி எண்ணை வண்டியைப் பார்த்து எழுதுங்கள், வரிசையை நம்பி எழுதாதீர்கள். தவறினால் அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். போட்டியாளரின் பஞ்ச் கார்டில், அதாவது புள்ளியைத் துளையால் குறிக்கும் அட்டையில், துளை போட்ட பிறகு, "பதினாலு, ரெண்டு" என்று வண்டி எண்ணையும் புள்ளியையும் உரக்கச் சொல்லிக் கார்டைத் திருப்பிக் கொடுங்கள்.

பாதுகாப்பு?

மார்க்கைவிட அதுதான் முதலில். ஏற்றத்தில் வண்டிக்குக் கீழே நிற்காதீர்கள், நின்றுபோன வண்டி பின்னால் உருளும். சிக்கிய ஜீப்பை இழுக்கும்போது இறுகிய கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் இருக்கக் கூடாது. அறுந்தால் அது வெட்டும். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஆள் விழுந்தால் முதலில் ஓடுங்கள், எத்தனை புள்ளி என்பதைப் பிறகு எழுதலாம்.

எல்லா மார்ஷல்களும் ஒரே மாதிரி மார்க் போட அமைப்பாளர் என்ன செய்யலாம்?

என் அனுபவத்தில் ஒன்றே ஒன்று உண்மையிலேயே பலன் தருகிறது. தொடங்குவதற்கு முன் எல்லா மார்ஷல்களையும் ஒரு செக்‌ஷனுக்குக் கூட்டிப் போய், போட்டியில் இல்லாத ஒருவரை ஐந்தாறு தடவை ஓட்டவிடுங்கள். வேண்டுமென்றே தடுமாறட்டும், லேசாக நிற்கட்டும், குச்சியை உரசட்டும். ஒவ்வொருவரும் பக்கத்தில் பார்க்காமல் தன் தாளில் மார்க் எழுத வேண்டும். பிறகு எல்லோரும் தாளைக் காட்டுங்கள். ஒரே ஓட்டத்துக்கு 1, 3, 5 என்று மூன்று விடை வருவதைப் பார்த்தவுடன், அதுவரை "எனக்கு எல்லாம் தெரியும்" என்றிருந்தவர்கள்கூடக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். இருபது நிமிடம் போதும். சாப்பாட்டு இடைவேளையையும் சுற்று முடிந்த பிறகே விடுங்கள். ஒரு சுற்றின் நடுவில் ஆள் மாறினால், ஒரு குழுவுக்கே இரண்டு அளவுகோலாகிவிடும்.

நான் தவறாக மார்க் போட்டது பிறகுதான் உறைக்கிறது. என்ன செய்வது?

உடனே பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள். வண்டி எண்ணை மாற்றி எழுதியது, எண்ணிக்கை தவறியது போன்றவற்றை அவர் திருத்த முடியும். முடிவுப் பட்டியல் ஒட்டியதும் ஆட்சேபம் சொல்லப் பல விதிப்புத்தகங்களில் 30 நிமிடம்தான் அவகாசம். அது கடந்தால் முடிவு உறுதியாகிவிடும். சொன்னால் திட்டுவார்களோ, அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும்.

அந்த மழை நாளில் எனக்கும் வந்தது. பட்டியலைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நேரமும் இருந்தது. நான் பேசாமல் இருந்துவிட்டேன். காலையில் என்னிடம் 5 வாங்கியவர் அதன் பிறகும் பல போட்டிகளுக்கு வந்தார், என் செக்‌ஷனிலும் ஓட்டினார். இரண்டு வருஷம் கழித்துத்தான் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.